லேப்டாப் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் லேப்டாப் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்துவிட்டு, இப்போது அதே குழுவில் புது மாணவர்களைப் பழக்குகிறேன். கல்லூரியில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில்கள்.

சென்னை மாணவி: அக்கா, பத்துப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டை ஓடவிடுவதுதானா இது?

இல்லை. இங்கே லேப்டாப்தான் வாத்தியம். ஒலியை அந்த இடத்திலேயே, அந்தக் கணத்திலேயே அது உண்டாக்குகிறது. வாசிப்பவர் கீபோர்டு, ட்ராக்பேட், ஜாய்ஸ்டிக் என்று எதையாவது வைத்து அந்த ஒலியை வளைக்கிறார். கணினிகளை ஒன்றோடொன்று கோத்து வாசிப்பது 1970களின் கடைசியிலேயே சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நடந்திருக்கிறது. வகுப்பு, ஒத்திகை, கச்சேரி என்று பல்கலைக்கழகத்துக்குள் வந்தது 2005-இல், பிரின்ஸ்டனில். டேன் ட்ரூமன், பெரி குக் இருவரும் தொடங்கிய குழு அது. தபேலா மேதை ஜாகிர் உசேன் அந்தக் குழுவோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த கெ வாங், 2008-இல் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு குழுவைத் தொடங்கினார். வர்ஜீனியா டெக்கில் 2009-இல் வந்த குழு, விலை குறைந்த நெட்புக்கில் லினக்ஸ் போட்டு, வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டைக் கையில் பிடித்து ஆட்டியபடி வாசித்தது.

கோவை, மூன்றாம் ஆண்டு: எந்த லேப்டாப் வாங்கலாம்?

வாங்கவே வேண்டாம். இருப்பதை எடுத்து வாருங்கள்.

திருச்சி: என்ன மென்பொருள்?

'சக்' என்ற நிரல்மொழி. கெ வாங்கும் பெரி குக்கும் உருவாக்கியது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மற்ற மொழிகளில் காலம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இதில் 'இத்தனை மில்லிசெகண்ட் போ' என்று நீங்கள் எழுதினால்தான் நிரல் நகரும். தாளம் தெரிந்த பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு 'ப்யூர் டேட்டா' இருக்கிறது. பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் போதும்.

மதுரை: ஐ5, 8 ஜிபி ராம் போதுமா?

போதும். மேலே கோவைக்குச் சொன்னதுதான்.

சேலம்: ஸ்பீக்கர்கள் எப்படி? எல்லாரிடமும் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. வயலின் சத்தம் வயலினிலிருந்து வருகிறது. லேப்டாப்புக்கு அந்த உடம்பு கிடையாது. எல்லார் சத்தத்தையும் ஒரே மிக்ஸரில் கொட்டி, மேடையின் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் விட்டால், யார் வாசிப்பது எது என்று ரசிகருக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது. அதனால் பிரின்ஸ்டனில் ஆளுக்கொரு அரைக்கோள ஸ்பீக்கர் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பதித்த ஆறு ஸ்பீக்கர்கள் ஆறு திசையைப் பார்க்கும். ஒலி வாத்தியத்திலிருந்து கிளம்புவதுபோல் சுற்றிலும் பரவும். ஸ்டான்ஃபோர்டில் ஐக்கியா கடையின் மரச் சாலட் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஓட்டை போட்டு, கார் ஸ்பீக்கர்களைப் பொருத்திச் செய்துகொண்டார்கள். நம் ஊரில் ஒரு தச்சரும் கார் ஆடியோ கடைக்காரரும் சேர்ந்தால் முடிகிற வேலை. அதுவரை ஆளுக்கொரு சின்ன ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர், ஆக்ஸ் ஒயரில். ப்ளூடூத் மட்டும் வேண்டாம். விசையைத் தட்டி 100, 200 மில்லிசெகண்ட் கழித்துச் சத்தம் வந்தால் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது.

ஒலி அமைப்பாளர், மதுரை: மேடம், இருபது வருடமாக மேடைக்கு சவுண்டு போடுகிறேன். பன்னிரண்டு ஸ்பீக்கரை மேடையில் பரப்பினால் சந்தைக்கடைதான். என் மிக்ஸருக்கு அனுப்புங்கள், சமன் செய்து தருகிறேன்.

சமன் செய்வது உங்கள் வேலை அல்ல சார், வாசிப்பவரின் வேலை. பக்கத்து ஆள் வாசிப்பது என் காதில் விழவில்லை என்றால் நான் என் ஒலியைக் குறைக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆர்க்கெஸ்ட்ராவே.

மிருதங்க மாணவர், தஞ்சாவூர்: ஆனால் அக்கா, கச்சேரியில் எங்களுக்கு எல்லாமே மைக் வழியாகத்தானே?

கோயில் பிராகாரத்தில் நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமல் கேட்டதில்லையா தம்பி? எந்தப் பக்கம் திரும்பினால் எது ஓங்குகிறது என்று உடம்புக்கே தெரியும்.

மதுரை ஒலி அமைப்பாளர் மறுபடியும்: பிராகாரம் சரி. 500 பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசைக்கு உங்கள் கிண்ணம் கேட்குமா?

நியாயமான கேள்வி. கேட்காது. சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதியும் வராது. அங்கே உங்கள் உதவி வேண்டும், ஆனால் பின்பாட்டாக. மேடை ஸ்பீக்கர்கள் அரங்க ஸ்பீக்கருக்கு 6 மீட்டர் பின்னால் இருந்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் 17 மில்லிசெகண்ட் ஆகும். அரங்க ஸ்பீக்கருக்கு 25, 30 மில்லிசெகண்ட் தாமதம் வைத்து, அளவையும் அடக்கிக் கொடுங்கள். முதலில் எட்டுவது மேடை ஒலி என்பதால், சத்தம் அங்கிருந்தே வருவதாகக் காது நம்பிவிடும். ஒலியைப் பிடிக்க மேடைக்கு முன்னால் இரண்டு மைக் போதும். பன்னிரண்டு ஒயர் வேண்டாம்.

அவரே: தாமதம் வைத்துச் செய்வதென்றால் ஒத்துக்கொள்கிறேன். மைக் இரண்டு போதாது, நான்கு வைப்பேன்.

நான்கு வையுங்கள் சார்.

ஈரோடு: எல்லா லேப்டாப்பும் ஒரே தாளத்தில் ஓட கல்லூரி வைஃபை போதுமா?

கல்லூரி வைஃபை வேண்டாம். பெரும்பாலும் அதில் ஒரு கணினி இன்னொன்றோடு பேசவே விடமாட்டார்கள். உங்களுக்கென்று தனி ரவுட்டர் வைத்து, இணையத்தை அதில் இணைக்காமல் விடுங்கள். முடிந்தால் ஒயரே போடுங்கள். தாளம் அனுப்பும் செய்திகள் வழியில் தொலைந்தால் மறுபடி வராது. அதனால் 'அடுத்ததுக்குப் போ' என்று அனுப்பாதீர்கள். 'இப்போது 72-வது அட்சரம்' என்று எண்ணோடு அனுப்புங்கள். 71 தொலைந்தாலும் 72 வந்ததும் அந்த லேப்டாப் சரியான இடத்துக்கு வந்துவிடும். 'போ' என்பது ஒரு முறை தொலைந்தால் பாட்டு முடியும்வரை ஓர் அட்சரம் பின்னால்தான்.

நாமக்கல்: ஜேபிஎல் ப்ளூடூத் நல்ல குவாலிட்டி, அது பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. ஆக்ஸ் ஓட்டை இருந்தால் ஒயர் போடுங்கள்.

புதுச்சேரி: ஏஐ வைத்து மெட்டுப் போட்டுக்கொள்ளலாமா?

அது வேறு கடை. அதில் பழக்கம் உள்ளவர்களைக் கேளுங்கள்.

வேலூர்: சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று இரைகிறது.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு மின் இணைப்பில், லேப்டாப்பில் இல்லை. முழு பேட்டரியோடு மேடையேறி, உருப்படிகளுக்கு நடுவே சார்ஜ் போடுங்கள்.

நாகர்கோவில்: எங்கள் கல்லூரி வைஃபை வேகமானது அக்கா, 300 எம்பிபிஎஸ்...

வேகத்தைப் பற்றி யார் பேசினார்கள்? ஈரோட்டுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கோவை மறுபடியும்: அடுத்த மாதம் கல்லூரி விழாவில் முதல் கச்சேரி. எட்டுப் பேர். பயமாக இருக்கிறது.

அரைமணி நேரம் போதும், மூன்று உருப்படி. முதலாவது தாளமே இல்லாத நீண்ட சுருதி ஒன்றாக இருக்கட்டும்; எல்லாருக்கும் கை நடுக்கம் நிற்கும், சவுண்டு அளவையும் சரிபார்த்துக்கொள்ளலாம். நிரலைக் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே பூட்டிவிடுங்கள். அதன்பிறகு 'சின்னத் திருத்தம்தான்' என்று வருபவரை உள்ளே விடாதீர்கள். எட்டு லேப்டாப்பிலும் ஒரே பென்டிரைவிலிருந்து ஒரே ஃபோல்டரை ஏற்றுங்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி, ஸ்கிரீன்சேவரையும் எல்லா அறிவிப்பு ஒலிகளையும் அணையுங்கள். அம்மா அனுப்பும் வாட்ஸப் 'டிங்' உங்கள் ஸ்பீக்கரில் அரங்கத்துக்கே கேட்கும்.

ஒத்திகையில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் ஒருவரின் லேப்டாப்பை வேண்டுமென்றே மூடுங்கள். மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடப்பட்டவர் முதலில் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்துவிட்டு, பதற்றமில்லாமல் மறுபடி துவக்கி, எண்ணைப் பிடித்து உள்ளே வர வேண்டும். மேடையில் லேப்டாப் ஹேங் ஆனால் எல்லாரும் செய்யும் முதல் காரியம் எழுந்து பக்கத்து ஆளிடம் ஓடுவது. உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்: அக்கா, எந்த லேப்டாப்...

கோவை.