பதினொரு முறை ‘ஆண்டவரே’

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் ஒரு சபை க்வயரில் (பாடகர் குழுவில்) இருபது வருஷமாக டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறேன். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்), மத்தேயு சுவிசேஷத்தின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் மத்தேயு பேஷனை முழுதாகக் கேட்டுவிடுவேன். என்னிடம் இருப்பது கண்டக்டர் ஓட்டோ க்ளெம்பரர் 1960-61இல் லண்டனில் பதிவுசெய்தது. இந்த வருஷம் நண்பர் ஒருவர் பால் மெக்ரீஷ் என்ற கண்டக்டரின் பதிவைக் கொடுத்தார். அதில் குழுப்பாட்டுகளான கோரஸ்களில்கூட ஒரு குரலுக்கு (சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஒவ்வொன்றுக்கும்) ஒரே ஒருவர்தான் பாடுகிறார். க்ளெம்பரரிடம் பதினொரு நிமிஷத்துக்கு மேல் போகும் முதல் கோரஸ், இதில் நாலைந்து நிமிஷம் முன்பே முடிந்துவிடுகிறது. பாக் காலத்தில் இப்படித்தான் பாடினார்கள், க்ளெம்பரர் செய்தது தப்பு என்கிறார் நண்பர். எனக்கோ பழையதுதான் பிடிக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் வெறும் வாயால் பேசவில்லை. பாக் 1736இல் இதைத் திருத்தி லைப்ஸிக்கில் நடத்தியபோது பயன்படுத்திய பாடகர் தாள்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டு குழு, ஒவ்வொன்றிலும் நாலு குரல், குரலுக்கு ஒரு தாள். இதுபோன்ற தாள்களை வைத்துத்தான் இசை ஆராய்ச்சியாளர் ஜோஷுவா ரிஃப்கின், பாக்கின் ‘கோரஸ்’ பெரும்பாலும் நாலு பேர்தான் என்று 1981இல் சொன்னார். அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். ஏனென்றால் பாக்கே 1730இல் நகர சபைக்கு எழுதிய மனுவில் ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 இருந்தால் இன்னும் நல்லது என்று கேட்டிருக்கிறார். கையிலிருக்கவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை அது, ஒரே நேரத்தில் எல்லாரும் பாடினார்கள் என்று பொருளில்லை என்பது ரிஃப்கின் தரப்பு. ஒரு தாளை மூன்று பேர் பகிர்ந்து பாடியிருக்கலாமே என்பது மறு தரப்பு. நான் ரிஃப்கின் பக்கம் சாய்கிறவன். ஆனால் அந்த வழக்கில் யார் ஜெயித்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. இது முதன்முதலில் நடந்த 1727இல் லைப்ஸிக்கின் தோமா ஆலயத்தில் பெண்கள் பாடவில்லை. மெக்ரீஷின் பதிவில் பாடுகிறார்கள். சரித்திரம்தான் அளவுகோல் என்றால், பெண் குரலே இல்லாமல் கண்டக்டர் ஆர்னோன்கூர் 1970இல் பதிவுசெய்தது போன்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போடவேண்டியதுதான்.

நான் வேறு மாதிரிதான் கேட்கிறேன். புதுப் பதிவு கைக்கு வந்தால் முதல் கோரஸுக்குப் போவதே இல்லை. அதில் எல்லாரும் உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பார்கள். நேராகக் கடைசி இராப்போஜனத்துக்குப் போவேன். உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. சீஷர்கள் பதறி, ‘ஆண்டவரே, நானோ?’ என்று ஒவ்வொருவராய்க் கேட்கிறார்கள். இது அரை நிமிஷம்கூட வராத சின்ன கோரஸ். அதில் ‘ஹெர்’, அதாவது ஆண்டவரே, என்ற சொல் பதினொரு முறை வருகிறது. பன்னிரண்டாவது ஆள் யூதாஸ், அவன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நொடியே கோரல், அதாவது சபைக்குத் தெரிந்த ஞானப்பாட்டு, வருகிறது: ‘நான்தான்’ என்று. கேட்டவர்கள் சீஷர்கள், ஒப்புக்கொள்கிறவர்கள் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் நாம்.

இந்த இடத்தை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மெக்ரீஷிடம் ஒவ்வொரு ‘ஹெர்’ருக்கும் ஒரு முகம் இருக்கும். ஒருவன் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவன் பயத்தில் குறுக்கே விழுகிறான். க்ளெம்பரரின் பெரிய க்வயரில் கேள்வி கனமாக வருகிறது, ஆனால் கேட்கிற ஆள் யாரென்று தெரிவதில்லை. ‘ஒவ்வொருவராய்’ என்பது போய்விடுகிறது. இங்கே மெக்ரீஷ்தான், சந்தேகமே இல்லை.

அப்புறம் பரபாஸுக்கு வாருங்கள். யாரை விடுதலை செய்யட்டும் என்று பிலாத்து கேட்க, கூட்டம் ‘பரபாஸ்’ என்று அந்தக் கைதியின் பேரை ஒரே சொல்லில் கத்துகிறது. அந்த ஒற்றை நாதக்கூட்டுக்கு மெக்ரீஷின் எட்டுப் பேர் போதவில்லை என்பது என் காது சொல்வது. நன்றாகப் பயிற்சி பெற்ற எட்டுப் பேர் கத்துவது கேட்கிறது, அவ்வளவுதான். க்ளெம்பரரிடம் அது ஊரே திரண்டு வந்து கத்துவதுபோல் இருக்கிறது, வயிற்றைப் பிசையும். பாக்கிடம் எட்டுப் பேர்தான் இருந்தார்கள் என்றால், அந்தக் குறை அவருடைய முதல் நிகழ்ச்சியிலும் இருந்திருக்கும். இருக்கட்டுமே.

முதல் கோரஸையும் விட்டுவிட முடியாது, நீங்கள் அதைத்தானே கேட்டீர்கள். முதல் குழு வாருங்கள், பாருங்கள் என்று அழைக்க, இரண்டாம் குழு ‘யாரை? எப்படி? எங்கே?’ என்று இடைமறிக்கிறது. அடியில் வாத்தியங்களின் பேஸ் ஒரே சுரத்தில் சவ ஊர்வலம்போல் நடக்கிறது. அந்த நடையின் பாரம் க்ளெம்பரரிடம் கிடைப்பதுபோல் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அவ்வளவு மெதுவாக ‘எங்கே?’ என்று கேட்கிறவனுக்கு உண்மையில் வழி தெரியவேண்டிய அவசரம் இல்லை. நடை வேண்டுமா, கேள்வி வேண்டுமா என்பதை கண்டக்டர் முடிவு செய்யவேண்டும். வேகம் அதிலிருந்து வருகிறது. கடிகாரத்தைப் பார்த்துச் சரி தப்பு சொல்லாதீர்கள். ஒன்று மட்டும்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இரண்டு குழுவும் ஒன்றாகக் குழைந்து, யார் கேட்டார் யார் சொன்னார் என்பதே தெரியாமல் போய்விடும். பாவம், பழி கண்டக்டர் மேல் விழும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, எனக்குக்கூட அது பின்னால்தான் வந்தது. இந்தப் படைப்பில் ஐந்து தடவை திரும்பி வரும் ஒரு கோரல் மெட்டு, நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் ‘இரத்தம் காயம் குத்தும்’ என்று தொடங்கும் பாட்டாக நீங்கள் பெரிய வெள்ளிதோறும் பாடுவதுதான். அதில் எங்கே மூச்சு எடுப்பீர்கள், எந்த வரியில் தொண்டை அடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து முறையும் ஒரே மாதிரி பாடிவிட்டுப் போகிற பதிவை நீங்கள் உடனே பிடித்துவிடுவீர்கள். இயேசு உயிர் விட்டதும் வருகிற கடைசித் தடவையில் பாக் அடிக்குரல்களை எப்படி முறுக்கியிருக்கிறார் என்று ஒரு டெனருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

க்ளெம்பரரை எறியவேண்டாம். அதில் சுவிசேஷகராக, அதாவது கதையைச் சொல்கிறவராக, பாடுகிறவர் பீட்டர் பியர்ஸ். பேதுரு மூன்று முறை மறுதலித்து, சேவல் கூவி, வெளியே போய் ‘மனங்கசந்து அழுதான்’ என்கிற வரியை அவர் இழுத்துக்கொண்டுபோகும் இடத்துக்காகவே நான் அந்தப் பெட்டியை மூன்று வீடு மாறியும் கூடவே கொண்டுவந்திருக்கிறேன்.