கடைசித் தாளை முதலில் எழுதுங்கள்

வணக்கம் அக்கா,

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். நண்பர்கள் ஐந்து பேர் வாரம் தவறாமல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை வளர்க்கும் விளையாட்டு. செம்பவாங் கடற்படைத் தளத்தை வைத்து நீங்கள் நடத்திய ஃப்ரீஃபார்மில், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகக் கூடத்தில் நடமாடிப் பேசி ஆடும் ஆட்டத்தில், சென்ற ஆண்டு எனக்கும் ஒரு பாத்திரம் கிடைத்தது. அன்றிலிருந்து இதே நினைப்பு. அடுத்த ஆண்டு ஒரு விளையாட்டு மாநாட்டில் நாற்பது பேருக்குத் தமிழிலேயே ஒன்று நடத்த ஆசை. முப்பது பக்கம் கதை எழுதிவிட்டேன், கடைசிக் காட்சி உட்பட. ஆனால் நாற்பது பேரையும் அந்தக் காட்சிக்கு எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது? இன்னொன்று, பத்து நிமிடத்தில் எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த முப்பது பக்கத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் இருக்கும் கடன், பகை, காதல் எல்லாம் உதவும். கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மேசையைச் சுற்றி ஐந்து பேர் ஆடும்போது எல்லார் கண்ணும் உங்கள் மேல் இருக்கும். கதையை நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம். நாற்பது பேர் ஒரு கூடத்தில் மூன்று மணி நேரம் நடந்து திரிந்து பேசினால், ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து உரையாடல் ஓடும். அதில் ஒன்றிரண்டுதான் உங்கள் காதில் விழும். மற்றதெல்லாம் அவர்களுடையது.

இந்த விஷயம் 1969லேயே ஒருவருக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றைத் தயார் செய்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டதால், படைத்தலைவர்கள் போக, ஊர் மேயர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஊர்க்காரர்களின் பாத்திரங்களையும் கொடுத்தார். போர் தொடங்கவே இல்லை. அதற்குள் ஆட்கள் அவரைக் கேட்காமலே கூடிக்கூடிப் பேசி, பேரம் பேசி, சதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று அவர் நினைத்தார். வந்தவர்களோ இன்னொன்று நடத்து என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன்தான் பிறகு கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து, நீங்கள் வாரம் தவறாமல் ஆடும் அதே விளையாட்டை 1974ல் வெளியிட்டார். 1980களில் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் மாநாடுகளில் ஃப்ரீஃபார்ம் என்ற பெயரில் வளர்ந்ததும், ஹார்வர்ட் மாணவர்கள் வேறொரு பெயரில் நடத்தியதும் ஏறக்குறைய இதைத்தான். கூடிக்கூடிப் பேசுவதே ஆட்டம்.

அப்படியென்றால் எழுதுகிறவருக்கு என்ன வேலை? நாற்பது தாள் எழுதுவது. ஆளுக்கு ஒரு தாள்: அவர் யார், அவருக்கு என்ன தெரியும், யாரிடம் என்ன காரியம் என்று.

என் முதல் ஃப்ரீஃபார்முக்கு இருபத்தெட்டுத் தாள் எழுதினேன். கோயில் தலைவர், தொழிற்சங்கச் செயலாளர், ஓடிப்போக நினைக்கும் மகள் என்று முதல் பத்தைப் பல வாரம் இழைத்து இழைத்து எழுதினேன். கடைசி நான்கை மாநாட்டுக்கு முந்தின இரவு இரண்டு மணிக்கு மேல் எழுதினேன். அதில் ஒன்று சமையல்காரர். ‘எல்லார் வீட்டு விஷயமும் உங்களுக்குத் தெரியும்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். என்ன தெரியும், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன ஆகும், எதுவும் இல்லை. அந்தப் பாத்திரம் கிடைத்த பெண் முதல் அரைமணி நேரம் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசிப் பார்த்தார். யாருடைய தாளிலும் சமையல்காரர் இல்லை. பிறகு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விடுமுறை எடுத்து, ஜூரோங்கிலிருந்து ரயில் மாறி வந்தவர். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சின்னப் பாத்திரத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பெரிய அட்டையில் எல்லாப் பெயரையும் வட்டமாக எழுதி, யாருக்கு யாரிடம் காரியம் இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போடுவேன். ஒரு பெயரிலிருந்து மூன்று கோடாவது வெளியே போக வேண்டும், இரண்டு கோடாவது அதைத் தேடி வர வேண்டும். தேடி வரும் கோடுதான் முக்கியம். கூச்சப்படுகிறவர் தானாகப் போய்ப் பேச மாட்டார். அவரிடம் வேலை இருக்கிற யாராவது அவரைத் தேடி வந்துவிட்டால் போதும், ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்.

ரகசியங்களுக்கும் இதே கணக்குதான். ஒருவரிடம் மட்டும் இருக்கும் ரகசியத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள். மாநாட்டில் பெயர் கொடுத்தவர்களில் இரண்டு மூன்று பேர் வராமல் போவது சாதாரணம். அவரோடு ரகசியமும் வீட்டிலேயே தங்கிவிடும். மூன்றாக உடைத்து மூன்று பேரிடம் கொடுங்கள்: ஒருவருக்குக் கடிதம் வந்தது தெரியும், ஒருவருக்கு அது யார் கையெழுத்து என்று தெரியும், ஒருவர் அதை எரித்தவர்.

செம்பவாங் ஆட்டத்தை மற்ற வாசகர்களுக்காக ஒரு வரியில் சொல்கிறேன். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், சிங்கப்பூரிலிருந்து படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தார். அந்தச் செய்தி வந்த மாலை, தளக் குடியிருப்பில் ஒரு கல்யாண நிச்சயதார்த்தம். அங்கே வேலை பார்த்த தமிழர்கள், மலையாளிகள் பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கினார்கள். போவதா இருப்பதா என்ற ஒரு கேள்வியை எல்லாத் தாளிலும் வைத்தேன். முடிவை எங்கேயும் எழுதவில்லை. உங்கள் ஆட்டத்தில் நிச்சயதார்த்தம் நின்றே போனது. அதற்கு முன் நடத்தியபோது மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கப்பல் ஏறினார். இரண்டும் நான் எழுதியிருக்கக்கூடியதைவிட நன்றாக இருந்தன. எல்லாரையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தை மட்டும் வையுங்கள்: ஐந்தரைக்குத் தட்டு மாற்றுவார்கள். அங்கே என்ன நடக்கும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மொழிக்கு வருகிறேன். முதல் முறை தாள்களை நல்ல மேடைத் தமிழில் எழுதியிருந்தேன். படித்தவர்கள் அதே தமிழில் பேச முயன்று, திணறி, ஆங்கிலத்துக்குப் போனார்கள். தவறு என்னுடையது. இப்போது உறவுகளைப் பற்றிய பகுதியை வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ‘நீங்கள் இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்’ என்று ஒரு வரி உண்டு. சித்தப்பா, மச்சான், கங்காணி ஐயா, வாடா போடா. இது ஒன்றே பாதி ஆட்டத்தைக் கொண்டுவந்துவிடும். அறிமுகமே இல்லாத ஒருவர் எதிரில் வந்து “என்ன மாமா, கண்டும் காணாம போறீங்க?” என்றால், உங்கள் வாயில் ஆங்கிலம் வராது. செம்பவாங் ஆட்டத்தில் மூன்று மணி நேரம் ‘நீங்க’ என்று பேசிய மருமகன் கடைசியில் மாமனாரைப் பார்த்து ‘நீ’ என்றான். கூடமே அமைதியாகிவிட்டது. நீங்களும் அங்கே நின்றீர்கள், நினைவிருக்கும். ஆங்கிலத்தில் அதை எப்படிச் செய்வது? நடுவில் இரண்டு ஆங்கிலச் சொல் விழுந்தால் விழட்டும், நம் வீட்டில் விழாததா.

மற்றவை சின்ன விஷயங்கள். தாள் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். முதல் வரியிலேயே யாரிடம் முதலில் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெயர் அட்டையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும். பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் நடத்துநர்கள் வேண்டும், உங்களோடு சேர்த்து நான்கு பேர். வராதவர்களுக்காக எந்த ஐந்து பாத்திரத்தை எடுத்துவிடலாம் என்று முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அரைமணி நேரம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். கூடத்தை வாடகைக்கு எடுக்கும்போது அந்த அரைமணியையும் சேர்த்தே எடுங்கள்.

உங்கள் நாற்பது பேரில் யாருக்கு வேலை குறைவு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த ஒரு தாளை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள் தம்பி. படித்துப் பார்த்துவிட்டு, யாரெல்லாம் அவரைத் தேடி வரலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா