நாயும் நாமும்: வாசகர் கேள்வி பதில்

கோத்தகிரி வாசகி: எங்கள் நாட்டு நாய் சாப்பிட்டு முடித்த பிறகும் அடுப்படி வாசலில் படுத்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. இது பாசமா, அடுத்த வேளைச் சோற்றுக்கு அச்சாரமா?

இரண்டும் இருக்கும். பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நாயையும் அதை வளர்ப்பவரையும் அரைமணி நேரம் ஒரே அறையில் விட்டு, முன்னும் பின்னும் இருவர் சிறுநீரையும் சோதித்தார்கள். நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்ட ஜோடிகளில் ஆக்ஸிடோசின் இருவருக்குமே கூடியிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது தாயின் உடம்பில் வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

இனி உங்கள் அடுப்படி. பாசப் பார்வையில் இமை பாதி தாழ்ந்திருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும், காது தளர்ந்து பின்னால் கிடக்கும். சோற்றுப் பார்வையில் காது முன்னால் தூக்கி நிற்கும். பார்வை உங்கள் முகத்துக்கும் கைக்கும் போய்ப் போய் வரும். மூன்றாவதாக ஒன்று உண்டு. உடம்பு விறைத்து, வாயை மூடி, கண்ணோரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தால் ‘தள்ளிப் போ’ என்று பொருள். குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது பல நாய்கள் இப்படித்தான் பார்க்கும். நாம் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்போம்.

வெறுங்கையோடு போய்த் திண்ணையில் உட்காருங்கள். கூப்பிட வேண்டாம். தானாக வந்து உங்களுக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்து உட்கார்ந்தால், அதற்குச் சோறு ஒரு காரணமே இல்லை. நெஞ்சில் மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். மூக்கால் கையை முட்டினால் தொடரலாம். எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான்.

குன்னூர் வாசகர்: எங்கள் லாப்ரடாருக்குப் பதின்மூன்று வயது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. ‘ஊசி போட்டு அனுப்பிவிடலாம்’ என்கிறார் மருத்துவர். உயிரை எடுப்பது பாவம் என்கிறார் அம்மா. எதை வைத்து முடிவெடுப்பது?

முதலில் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: குமட்டலுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்றா? சிறுநீரகம் கெட்ட நாய் பசியில்லாமல் கிடப்பதைவிட, பசித்தும் குமட்டலால் சாப்பிட முடியாமல் கிடப்பது அதிகம். குமட்டலை அடக்கி, தோலுக்கடியில் சலைன் ஏற்றினால் சில நாய்களுக்கு நல்ல நாட்கள் கிடைக்கின்றன. வலி என்று நினைத்து நம் வீட்டு மாத்திரைப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் சேர்த்து முடித்துவிடும்.

அதையெல்லாம் பார்த்தாயிற்று என்றால், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உயிரான ஐந்து காரியங்களை எழுதுங்கள்: கேட் சத்தத்துக்கு எழுந்து வருவது, காலை வெயிலைத் தேடிப் போய்ப் படுப்பது, வேலியோரம் மோப்பம் பிடிப்பது, எலும்பைக் கடிப்பது, அம்மாவைப் பார்த்து வாலாட்டுவது என்று உங்களுக்குத்தான் தெரியும். தினமும் இரவு தாளைக் கிழிக்கும்போது அன்றைக்கு ஐந்தில் எத்தனை நடந்தது என்று அதன் பின்பக்கம் குறியுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் இரண்டுக்கு மேல் ஏறவில்லை என்றால் நாள் வந்துவிட்டது. மூத்திரத்தில் நனைந்தபடி எழ முடியாமல் கிடப்பது, வாயில் புண்ணும் அமோனியா நெடியும், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி இவை சேர்ந்தால் ஒரு வாரமும் காத்திருக்க வேண்டாம். மனசை வைத்துக் கணக்குப் போட்டால் நாம் எப்போதும் பத்து நாள் பிந்திவிடுவோம். அதனால்தான் காலண்டர்.

வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். முதல் ஊசி மயக்கத்துக்கு, தசையில் போடுவது. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தலை தொங்கி, குறட்டை விட்டுத் தூங்கும். பிறகு முன்னங்காலின் இரத்த நரம்பில் ஊசி ஏற்றி, அளவுக்கு மேல் மயக்க மருந்து செலுத்துவார்கள். ஓரிரு நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். நம் ஊர்க் குளிரில் கால் சில்லிட்டு நரம்பு சுருங்கியிருக்கும். கிழட்டு நாய்க்கு இரத்த அழுத்தமும் குறைவாக இருப்பதால் ஊசி நரம்பில் ஏறாமல் இரண்டு மூன்று குத்து வாங்க வேண்டியிருக்கும். மருத்துவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அந்தக் காலில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறையும். முடிந்த பிறகும் கண் மூடாது. ஒன்றிரண்டு முறை பெருமூச்சு மாதிரி நெஞ்சு ஏறி இறங்கலாம், தோல் துடிக்கும், சிறுநீர் போகும். உயிர் ஊசலாடுவதாக அம்மா பதறாமலிருக்க இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாவமா என்பதற்கு மருத்துவம் பதில் சொல்லாது. ஆனால் பாண்டவர்களின் கடைசிப் பயணமான மகாப்பிரஸ்தானத்தில் கூடவே வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்று இந்திரன் சொன்னபோது, அண்டியதைக் கைவிட்டு வரும் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் நின்றது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அந்த நாயை எத்தனை நாள் வாழவைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நாயை மேஜையில் ஏற்றிவிட்டு வெளியே போய் நிற்காதீர்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, வழக்கமாகக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக்கொண்டிருங்கள். மயக்கம் ஏறும்போது காது கடைசியில்தான் அடங்கும் என்று நினைத்தே பேசுங்கள்.

அடக்கம் செய்வதில் மலையில் கூடுதல் பொறுப்பு. உடம்பு விறைக்கும் முன், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்களை மடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் குழிக்குள் அடங்காது. குழி நான்கடிக்குக் குறையக்கூடாது, உடம்புக்கு மேல் மூன்றடி மண் நிற்க வேண்டும். பருத்தித் துணி போதும், பிளாஸ்டிக் வேண்டாம். ஊற்று, கிணறு, ஓடையிலிருந்து நூறடிக்காவது தள்ளி, மழைத்தண்ணீர் அரிக்காத இடமாகப் பாருங்கள். மேலே கனமான கல் அடுக்காவிட்டால் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிவிடும். மயக்க மருந்து செத்த உடம்பில் நெடுநாள் அழியாமல் இருப்பதால், தோண்டித் தின்கிற பிராணியும் சாகும். சீகூர், மாயாறு பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் அந்தக் கழுகுகளைக் கொன்றதால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பள்ளத்தில் வீசிவிட்டு வருவது நீலகிரியில் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கொடைக்கானல் வாசகி: அப்பா தவறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அவர் நாய் வாசற்படியைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ஏக்கத்திலேயே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஏக்கம் என்று முடிவு கட்டும் முன் தெர்மாமீட்டரை எடுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினாலோ, ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சாவு வீட்டு அமளியில் உண்ணி மருந்து போடுவது மறந்துபோயிருக்கும். காதுமடலின் உள்பக்கமும் விரலிடுக்கும் பாருங்கள். இரண்டு நாள் முழுப் பட்டினி, அல்லது ஒரு நாள் தண்ணீரும் தொடவில்லை என்றால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

உடம்பில் கோளாறு இல்லை என்றால், நாய் தேடுவது ஆளை மட்டும் இல்லை, அவர் ஓட்டிய கடிகாரத்தையும்தான். அப்பா ஆறு மணிக்கு ஏரிச் சாலையில் கூட்டிப்போவார் என்றால் அதே ஆறு மணிக்கு அதே வழியில் ஒருவர் போக வேண்டும், தினமும் ஒரே ஆள். அவர் நிற்கும் டீக்கடை பெஞ்சில் நாய் நின்றால் இழுக்காதீர்கள், மோந்து முடிக்கட்டும். விடியலில் காட்டுமாடு சாலையில் நிற்கும், கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

அப்பாவின் கம்பளியைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போடுங்கள். சோற்றை வெதுவெதுப்பாக்கி, வெங்காயம் சேர்க்காத கோழிச்சாறு இரண்டு கரண்டி விட்டால் வாசனை எழும்பும். பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். வீடே சுற்றி உட்கார்ந்து கெஞ்சினால், சாப்பிடாமல் இருந்தால்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கிலும் இது ஆகும்.

கூடலூர் வாசகர்: நள்ளிரவில் எங்கள் நாய் ஊளையிடுகிறது. யமன் வருவது அதன் கண்ணுக்குத் தெரியும் என்கிறார் பாட்டி. உண்மையா?

கண்ணைவிடக் காதுதான் காரணம். நமக்கு எட்டாத மெல்லிய சத்தமும் நாய்க்குக் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கம் நரி ஊளையிட்டால் பதில் கொடுக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் பயப்பட வேண்டியது சத்தம் நிற்கும்போது. குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயடைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, வாலை இடுக்கிக் கட்டிலுக்கடியில் நுழையப் பார்த்தால் வெளியே சிறுத்தை இருக்கலாம். விரட்டி வெளியே தள்ளாதீர்கள், டார்ச்சோடு நீங்களும் இறங்காதீர்கள். இருட்டும் முன் நாய் உள்ளே வந்துவிட வேண்டும். கூண்டு என்றால் மேல்பக்கமும் இரும்பு வலை போட்டு, தாழ்ப்பாள் வைத்தது. முற்றத்தில் சங்கிலியில் கட்டினால் ஓடவும் வழியில்லாமல், சிறுத்தைக்குப் போட்ட பந்தி ஆகிவிடும். அதைக் ‘காவல்’ என்று சொல்லிக்கொள்வது நம் சமாதானம். கோழிக் கழிவை வீட்டுப் பின்னால் கொட்டுவதையும் நிறுத்துங்கள். முதலில் தெருநாய் வரும், அதைத் தேடிச் சிறுத்தை வரும்.

தாண்டிக்குடி வாசகி: தேய்பிறை அஷ்டமியன்று பைரவரை நினைத்து எங்கள் நாய்க்குக் குங்குமம் வைத்து, பால், பிஸ்கட், இனிப்பு கொடுக்கிறோம். தவறில்லையே?

நினைப்பில் தவறில்லை, படையலை மாற்றுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றால் போகும். தயிர்சாதமோ அவித்த முட்டையோ போதும். கடைக் குங்குமம் அரிக்கும்; கொஞ்சம் சந்தனம் வையுங்கள், நக்க எட்டாத உச்சியில். விருந்தாளி கொண்டுவந்த சாக்லேட் மட்டும் வேண்டவே வேண்டாம். பத்து கிலோ நாய்க்கு 40 கிராம் கறுப்புச் சாக்லேட்டே வாந்தியும் படபடப்பும் கொண்டுவரும். அதில் உலர் திராட்சை இருந்தால் சிறுநீரகமும் போகலாம். உங்கள் ஊரில் காயப்போட்ட காப்பிக்கொட்டையும் சாக்லேட் மாதிரிதான்.

உதகை வாசகர்: நாய்க்கு நினைவுச்சின்னம் வைப்பது வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறான் என் மகன்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூருக்குக் கூட்டிப்போங்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், 7-ம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்.

குன்னூர் வாசகி: போன மாதம் இறந்த நாயின் பெயரையே புதுக் குட்டிக்கு வைக்கலாமா? அதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று மனசு சொல்கிறது.

வைக்கலாம். ஆனால் பழைய நாயின் குணத்தை அதனிடம் தேடித் தேடிக் குட்டியைக் குறை சொல்வீர்கள். வேறு பெயர் வைத்தால் இருவருக்கும் நிம்மதி. இறந்தது பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோயில் என்றால் அவசரப்பட வேண்டாம், அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முழுதும் முடிந்த குட்டியைத்தான் அந்த முற்றத்தில் விட வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிற ஊர்க்காரருக்கு இதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பழைய கழுத்துப்பட்டையை மட்டும் மாட்டாதீர்கள். பட்டைக்குள் இரண்டு விரல்தான் நுழைய வேண்டும். பெரிய நாயின் பட்டை குட்டிக்குத் தொளதொளத்து, வேலிக் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.