பழைய வீட்டில் மழலையர் பள்ளி: தீப்பிடித்தால் எந்த வழி?

வணக்கம் சகோதரி. காரைக்குடியில் பழைய வீட்டில் 20 பிள்ளைகளோடு பள்ளி நடத்துவதாகவும், தீப்பிடித்தால் எப்படி வெளியேற்றுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

செட்டிநாட்டு வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இரண்டு வாசல் இருப்பது பெரிய பலம். ஆனால் பின்கதவு பூட்டியே கிடக்கும், சாவி யாரிடமோ இருக்கும். பள்ளி நேரத்தில் பூட்டு வேண்டவே வேண்டாம், பெரியவர் கைக்கெட்டும் தாழ்ப்பாள் போதும். அடுப்படி பின்கட்டில்தானே? அங்கே தீ என்றால் முகப்பு வழிதான். இரண்டு வழியிலும் மாதம் ஒருமுறை பிள்ளைகளை வெளியேற்றிப் பாருங்கள்.

உயரமான நிலைப்படியில் மூன்று வயதுக் குழந்தை கட்டாயம் தடுக்கி விழும். அங்கே ஓர் ஆயா நிற்கட்டும். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து வரட்டும், முடிச்சுக்கு ஒரு பிள்ளை. வருகைப் பதிவேடு உங்கள் கையில். வெளியே வந்ததும் எண்ணுங்கள், 101ஐ அழையுங்கள்.

கும்பகோணத்துப் பள்ளியில் 2004இல் சமையல் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். முற்றத்தில் கீற்றுப் பந்தல் இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள், தயவுசெய்து.