சோதனை என்று சொன்னது யார்?

அன்புள்ள ஐயா,

என் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம், பள்ளிக்கூட டீச்சர். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒன்றரை வருஷமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் மூன்று நாள் விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறேன். எங்கள் தெரு ஜெபக்குழுவில் எல்லாரும் இது கர்த்தர் வைத்த சோதனை என்கிறார்கள். ஆபிரகாமைப் போலக் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிந்தால் ஆட்டுக்கடாவைக் காட்டுவார் என்கிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். குழு நடத்தும் அண்ணன் போன வாரம், ஒரே ஒரு தடவை டயாலிசிஸுக்குப் போகாமல் உபவாசம் இருந்து பாருங்கள், அதுதான் விசுவாசம் என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணன் மேலா, ஆண்டவர் மேலா என்று தெரியவில்லை. ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் சண்டைதான் வருகிறது. எனக்கு ஏன் கீழ்ப்படிதல் வரவில்லை? விசுவாசத்தில் தோற்றுவிட்டேனா? நல்லவர்களுக்குக் கடவுள் ஏன் இப்படிச் செய்கிறார்? நீங்கள் விசுவாசியா? யோபுவை எந்த மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் டயாலிசிஸ். ஒரு தடவைகூட விடக் கூடாது. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு அதை நிறுத்தினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும், இதயம் நின்றுவிடும். மாதக்கணக்கில் எல்லாம் ஆகாது. அந்த அண்ணன் தெரியாமல் சொன்னார் என்றால் அறியாமை. தெரிந்து சொன்னார் என்றால் அதற்குப் பெயரைச் சபையிலே கேட்க வேண்டாம், போலீஸ் ஸ்டேஷனில் கேட்கலாம். நீங்கள் ஒரு டீச்சர். உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் உங்கள் கணவரின் உயிரை வைத்து விளையாட யோசனை சொல்கிறார், நீங்கள் என்னடாவென்றால் கோபம் வந்துவிட்டதே என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்! அந்தக் கோபத்தை அங்கேயே அப்போதே காட்டியிருக்க வேண்டாமா?

வைத்தியத்துக்கும் விசுவாசத்துக்கும் சண்டை மூட்டிவிடுகிறவர்கள் வேதாகமத்தைக்கூட ஒழுங்காக வாசிப்பதில்லை. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, உன்னைக் குணமாக்குவேன் என்ற கர்த்தரின் வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிளவையின் மேல் பற்றுப் போட்டார்கள், ராஜா பிழைத்தார். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில்தான் 1971-ல் இந்தியாவில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. அந்த அம்மாளுக்கு உங்கள் அண்ணன் அளவுக்கு விசுவாசம் இல்லையாமா? பணம் நெருக்கினால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, விசாரியுங்கள். ஏற்கெனவே அதில்தான் இருக்கிறீர்கள் என்றால் சரி.

நல்லவர்களுக்குக் கடவுள் ஏன் இப்படிச் செய்கிறார்? தெரியாது. தெரிந்தவர் மாதிரிப் பேசுகிறவரைப் பார்த்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நான் விசுவாசியா என்பது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது, அதை விடுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதக் காரணம், அது வந்தபோது நான் யோபுவைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளாக எனக்குள் ஓடுகிற ஒரு வழக்கு இருக்கிறது. ‘இது உனக்குச் சோதனை’ என்று ஒருவரிடம் சொல்ல இன்னொருவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஆதியாகமம் 22-ஐ எடுத்துப் பாருங்கள். ‘தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்’ என்று முதல் வசனத்திலேயே வருகிறது. யாருக்குச் சொல்லப்படுகிறது? வாசிக்கிற நமக்கு. ஆபிரகாமுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மகனைக் கொண்டுபோய்ப் பலியிட வேண்டும் என்பது. மகனுக்குப் பதிலாகக் கடைசியில் ஆட்டுக்கடா கிடைக்கப்போவது அவருக்குத் தெரியாது. குற்றமே செய்யாமல் சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் இழந்த யோபுவுக்கும் அப்படித்தான். வானத்தில் சாத்தானோடு நடந்த பேச்சு நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 42 அதிகாரம் முடிந்த பிறகும் தெரியாது. கடவுள் கடைசியில் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். காட்டுக்கழுதை, தீக்குருவி, லிவியாதான் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. சோதிக்கப்பட்டவருக்கே சொல்லாததை உங்கள் தெரு அண்ணனிடம் சொல்லியிருக்கிறாரா? நீங்கள் டீச்சர் என்பதால் கேட்கிறேன். பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்து வந்து, நான்தான் பேப்பர் திருத்தப் போகிறேன், இப்படி எழுது என்றால் விடுவீர்களா?

இன்னொன்று. பரமண்டல ஜெபத்தில் ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று தினமும் வேண்டுகிறார்கள். அதை வேண்டிவிட்டு எழுந்து, அடுத்தவர் வீட்டுக்குப் போய், உங்களுக்குச் சோதனை வந்தது பெரிய பாக்கியம் என்கிறார்கள். கேட்கிற நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆபிரகாம் கேள்வி கேட்கவில்லை என்கிறார்களே, மகனைப் பலியிட மோரியாவுக்குப் போகிற வழியில் அவர் மனதில் என்ன ஓடியது என்று அங்கே ஒரு வரி கிடையாது. மூன்றாம் நாள் கண்ணை ஏறெடுத்துப் பார்த்தார், இடம் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு நாலு அதிகாரம் முன்னால் இதே மனிதர் சோதோமுக்காகக் கடவுளிடம் பேரம் பேசியிருக்கிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விடுவீரா, நாற்பத்தைந்து, நாற்பது என்று இறக்கிப் பத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தன் ஊரே இல்லாத ஒரு ஊருக்காக! அந்த அதிகாரத்தை ஜெபக்குழுவில் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, யோபு. ‘யோபின் பொறுமை’ என்று யாக்கோபு நிருபம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மனிதர் வாயே திறக்கவில்லை என்று நம்மவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்பது முதல் அதிகாரம். துக்க வீட்டில் அதை வாசிப்பார்கள், புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறாரே, அது எங்கே போயிற்று? அங்கே தொடங்கி 31 வரை மனிதர் ஓயவில்லை. கடவுளைக் கோர்ட்டுக்கு இழுக்காத குறை. ‘அவர் என்னைக் கொன்றுபோட்டாலும் அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்’ என்ற வசனம் உங்கள் வீட்டுக் காலண்டரிலும் இருக்கலாம். அந்த வசனம் அங்கே முடியவில்லை. ‘ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரம்பண்ணுவேன்’ என்று போகிறது. நம்புவேன், ஆனால் என் பக்கத்து நியாயத்தை அவர் முகத்துக்கு நேரே வைக்காமல் விடமாட்டேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருகிறது. காலண்டர் போடுகிறவர் பாதியை வெட்டிவிட்டார்.

எனக்கு யோபுவைவிட அந்த மூன்று சிநேகிதர்கள் மேல்தான் கண். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். வந்தவுடன் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஏழு நாள் ராப்பகலாக அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வாயைத் திறந்தார்கள், கெட்டது. எலிப்பாஸ் மரியாதையாகத்தான் தொடங்குகிறார், குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ என்று. பில்தாத், உன் பிள்ளைகள் ஏதாவது பாவம் செய்திருப்பார்கள் என்கிறார். பத்துப் பிள்ளைகளையும் மண்ணில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம்! சோப்பார், உனக்குக் கிடைத்த தண்டனை கம்மி என்கிறார். 22-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது எலிப்பாஸ் குற்றப்பட்டியலே தயாரித்துவிட்டார். விதவையை வெறுங்கையாக அனுப்பினாய், சகோதரனிடம் காரணமில்லாமல் அடகு வாங்கினாய் என்று. எல்லாம் கற்பனை. யோபு அப்படிச் செய்யவில்லை என்பது முதல் அதிகாரத்திலிருந்து நமக்குத் தெரியும். தங்கள் கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காக, ஐயோ பாவம் என்று வந்தவர்கள் அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டில் தசமபாகத்தைப் பற்றி விசாரித்தார்களே, அது இந்த 22-ஆம் அதிகாரம்தான். விசுவாசம் என்று தொடங்கினார்கள், குணமாகவில்லை என்றால் உங்களிடம்தான் ஏதோ பாவம் என்று முடிப்பார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள்.

யோபு அவர்களுக்கு வைத்த பெயர், ‘காரியத்துக்குதவாத வைத்தியர்கள்’. உங்கள் விஷயத்தில் அது எவ்வளவு பொருத்தம் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள்.

கடைசியில் தீர்ப்பு என்ன? கடவுள் எலிப்பாஸைக் கூப்பிட்டு, உன் மேலும் உன் இரண்டு சிநேகிதர் மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, ‘என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை’ என்கிறார். யோபுவையும் கடவுள் சும்மா விடவில்லை, நான் பூமியை அஸ்திபாரப்படுத்தினபோது நீ எங்கேயிருந்தாய் என்று உலுக்கி எடுத்தார்தான். ஆனால் திட்டினவர் பேசியது சரி என்கிறார், பக்கம் பக்கமாகக் கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது தப்பு என்கிறார். அதோடு விட்டாரா? ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா பலி கொடுக்க வேண்டும், யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், அப்போதுதான் மன்னிப்பு. ஆறுதல் சொல்லப் போனவர்களுக்கு அபராதம். ஆட்டுக்கடா, ஆட்டுக்கடா என்கிறாரே உங்கள் அண்ணன், இந்த ஏழு கடாவையும் அவர் எண்ணிப் பார்க்கட்டும்.

யோபுவின் மனைவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘தேவனைத் தூஷித்து ஜீவனை விடும்’ என்றதற்காகப் பிரசங்கிமார் அவளைப் போட்டு வறுத்தெடுப்பார்கள். செத்த பத்துப் பிள்ளைகளும் அவளுக்கும் பிள்ளைகள். புண்ணைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்த புருஷனுக்குக் கஞ்சி யார் காய்ச்சியிருப்பார்கள்? அவளைத் தேற்ற ஒரு ஆள் வரவில்லை. கடைசிக் கோபத்திலும் கடவுள் அவள் பெயரை இழுக்கவே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு அதிகம் கேட்டது அவள் குரல்தான்.

என் பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஒரே மகன், காலேஜ் லீவுக்கு வந்தவன், குளத்தில் போய்விட்டான். எனக்கு அப்போது சின்ன வயசு. ஒரு உபதேசியார் வந்து உட்கார்ந்து, கர்த்தர் இந்த வீட்டைத் தெரிந்தெடுத்துச் சோதிக்கிறார் என்று தொடங்கினார். பெரியம்மா அவர் முன்னால் இருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு, “எந்திரிச்சுப் போரும்” என்றாள். மரியாதை தவறவில்லை. அதே மரியாதையில்தான் கடவுளையும் திட்டுவாள். அம்மியில் அரைத்துக்கொண்டே, “உமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒத்தப் பிள்ளையப் பாக்கத் தெரியல, உலகத்தப் பாக்கீராக்கும்” என்பாள். எங்களுக்கு பயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தவுடன் சேலையை மாற்றிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிவிடுவாள். பாட்டு எடுக்கும்போது எழுந்து நிற்பாள், பாடமாட்டாள். அடுத்த தெரு சைவப் பிள்ளைமார் வீட்டு ஆச்சி ஒருத்தி மத்தியானத்தில் வந்து முருங்கைக்கீரை உருவிக்கொடுத்துவிட்டுப் போவாள். வாயே திறக்கமாட்டாள். பெரியம்மா அவளை மட்டும்தான் நாளைக்கும் வா என்பாள்.

உண்மையில் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதற்கு யோபுவின் ஊத்ஸ் தேசம் வரை போக வேண்டியதில்லை. திருவாரூரில் சுந்தரர் இருக்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு அதை மீறிக் கிளம்பினார், எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. வெண்பாக்கத்தில் சிவனிடம் முறையிட்டார், ஒரு ஊன்றுகோல்தான் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது.) காஞ்சியில் ஒரு கண் வந்தது. திருவாரூருக்கு வந்து இன்னொரு கண்ணுக்காக நின்று பாடினாரே, கெஞ்சலா அது? உமக்கே மீளா அடிமையாக இருக்கிறவர்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறீர், ‘வாழ்ந்து போதீரே’ என்கிறார். நீரே நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று அர்த்தம். கவனியுங்கள், தப்பு சுந்தரர் பக்கம். சத்தியத்தை மீறினவர் அவர். அப்படியும் திட்டினார், கண்ணும் வந்தது. அந்தத் திட்டைத் தேவாரத்தில் சேர்த்து ஓதுவார்கள் இன்றைக்கும் சந்நிதியில் நின்று பாடுகிறார்கள். தப்பே செய்யாத நீங்கள் ராத்திரி ஜெபத்தில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு விசுவாசத்தில் தோற்றுவிட்டேனா என்கிறீர்கள்.

தோற்றவர்கள் சண்டை போடமாட்டார்கள், அவர்களுக்கு எதிரில் ஆளே இருக்காது. கீழ்ப்படிதல் வரவில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன் எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? கெத்செமனேயில் இயேசுவே, கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார். அவர் கேட்கலாம், நீங்கள் கேட்கக் கூடாதா?

உங்கள் கணவர் சிரித்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன சிரிப்பு என்று அவரிடம் கேளுங்கள். எனக்கென்னவோ அண்ணனைப் பற்றி உங்களுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு எதுவாக இருந்தாலும் சரி, வீட்டில் இருப்பதையே எடுங்கள். மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கி 31 வரை சத்தமாக வாசியுங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டாம். அதன் பிறகு 42-ஐயும் வாசித்துவிடுங்கள். அதை ஜெபக்குழு வந்திருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.