ஒரு நிறுவனத்தின் பல பிரிவுகளுக்கும் தகவல் அமைப்புகள் எப்படி உதவுகின்றன?

கேட்டவர் பி.பி.ஏ.வோ எம்.பி.ஏ.வோ படிக்கிறார் என்று நினைக்கிறேன். கேள்வியிலேயே அசைன்மென்ட் வாடை அடிக்கிறது. ஒரு முக்கோணம் வரைந்து, அடியில் பரிவர்த்தனைப் பதிவு, நடுவில் மேலாண்மை அறிக்கை, உச்சியில் முடிவெடுக்க உதவும் அமைப்பு என்று எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். எனக்கு முன்னால் பதில் சொன்னவர்களும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நான் அந்த முக்கோணத்தின் அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ரங்கூனில் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறேன். முதலாளி தமிழர், கணக்குப் பிரிவில் எல்லோரும் பர்மியப் பெண்கள், குடோனில் பாதிக்குப் பாதி. நான் கணக்கும் பார்ப்பேன், கம்ப்யூட்டரும் பார்ப்பேன், பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இங்கே சரக்கு வாங்குவது வீசையில், விற்பது டன்னில். ஒரு வீசை 1.633 கிலோ. நெல், அரிசி பக்கம் போனால் கூடைக் கணக்கு வேறு வரும். ஒரு கூடை நெல் 46 ராத்தல் (பவுண்டு), அதே கூடை அரிசி 75 ராத்தல். எங்களுக்கு நல்லவேளையாக வீசையோடு போயிற்று. அந்த வீசையே எங்களைப் படாதபாடு படுத்தியது.

அப்போது குடோனுக்கு ஒரு எக்செல், கணக்குக்கு ஒரு எக்செல், கப்பல் பேப்பர் பார்ப்பவருக்கு இன்னொன்று. மாதக் கடைசியில் மூன்றையும் முதலாளி மேஜையில் வைப்போம். கணக்குப் பிரிவு 100 டன் வந்தது என்று காட்டினால் குடோன் 98 டன் என்று காட்டும். இரண்டு டன் என்றால் 50 கிலோ மூட்டையில் 40 மூட்டை. மாதா மாதம் 40 மூட்டை எங்கே போகிறது?

உளுந்து ஈரமாக வரும், காயும், கல்லும் தூசியும் சலித்துப் போகும், எடை குறையும். அது உலகத்துக்கே தெரியும். அதனால் யாரும் கணக்கைத் தோண்டிப் பார்க்கவில்லை. ‘காய்ச்சல் கழிவு’ என்று ஒரு பக்கம் சொல்வார்கள், ‘குடோன்ல கை வைக்கிறாங்க’ என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். குடோன் மேஸ்திரி எனக்கு அப்பா வயசு, ஆனால் எல்லோருக்கும் அண்ணன்தான். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். ஒரு நாள் முதலாளி அவரை நேராகக் கேட்கவே கேட்டுவிட்டார். அவர் பதில் பேசவில்லை. சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே போனேன். “தம்பி, மூட்டைய எண்ணிட்டு வந்து பேசச் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான்.

நான் மூட்டையை எண்ணவில்லை. ஒரே ஒரு லாரியின் எடைச் சீட்டை எடுத்து, அது எந்தெந்த நோட்டில் எப்படி ஏறியிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தேன். சீட்டில் 6,000 வீசை. கணக்குப் பிரிவில் 9,798 கிலோ. குடோனில் 9,600 கிலோ. அந்தப் பெண்கள் 1.633ஆல் பெருக்கியிருக்கிறார்கள். மேஸ்திரி அண்ணன் அவர் பழகிய வழக்கப்படி பதினாறால் பெருக்கி ஒரு புள்ளி தள்ளியிருக்கிறார், அதாவது வீசைக்கு 1.6 கிலோ. ஒரு லாரிக்கே கிட்டத்தட்ட நாலு மூட்டை காகிதத்தில் காணாமல் போகிறது. யாரும் திருடவில்லை, யாரும் பொய்யும் எழுதவில்லை. ஒரே சரக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான். சரக்கு உள்ளே நுழைகிற இடத்தில், அதை எடை போடுகிற ஆள், ஒரே ஒரு தடவை பதிய வேண்டும். மற்ற பிரிவுகள் எல்லாம் அந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது எங்கள் கேட்டில் வீசையை மட்டும்தான் தட்டுவார்கள், கிலோவாக மாற்றுவது மென்பொருளின் வேலை. அந்தப் பதிவு விழுந்த உடனே குடோனில் இருப்பு ஏறும், வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் கணக்கில் ஏறும், கொள்முதல் பார்ப்பவருக்கு இன்னும் எத்தனை டன் வாங்கவேண்டும் என்று தெரியும். கப்பல் பேப்பர் போடுகிறவர் 20 அடிக் கன்டெய்னருக்கு 24 டன் வீதம் எத்தனை கன்டெய்னர் தேறும் என்று பார்த்துக்கொள்வார். அவர் எடையைத் திரும்ப டைப் அடிக்காததால், பில்லில் ஒரு எண்ணும் பேக்கிங் லிஸ்டில் வேறு எண்ணும் வந்து பேங்க் அந்தப் பேப்பர்களைத் திருப்பி அனுப்புவதும் நின்றது.

காய்ச்சல் கழிவுக்குத் தனித் தலைப்பு போட்டோம், லாட் வாரியாக. அதற்குப் பிறகுதான் எந்த வியாபாரியின் சரக்கு எவ்வளவு காய்கிறது என்று எண்ணாகவே தெரிந்தது. பெகு பக்கத்துச் சரக்கா, ஐராவதிப் பக்கமா என்று பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்த கொள்முதல் ஆள், இப்போது ரங்கூனின் பயின்நௌங் மொத்தச் சந்தையில் ஆளைப் பார்த்து விலை பேசுகிறார். நீங்கள் படிக்கிற ‘முடிவெடுக்க உதவும் அமைப்பு’ எங்கள் ஊரில் இப்படித்தான் இருக்கும்.

முதலாளி மேஸ்திரி அண்ணனிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அந்தத் தீபாவளிக்குப் போனஸைக் கூட்டிக் கொடுத்தார். மென்பொருள் விற்றவருக்குப் பெரிய பாராட்டு. சரி, அதை விடுங்கள்.

டாலர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புத்தகத்தில் நாணய மாற்றுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். இங்கே 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று வைத்தது. வெளிச் சந்தையில் அதைவிட எவ்வளவோ மேலே. ஏற்றுமதியில் வரும் டாலரில் ஒரு பங்கை அந்த 2,100க்கு மாற்றியே ஆகவேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பங்கு முதலில் 65 சதவீதம், பிறகு 50, 2023 கடைசியில் 35 என்று இறங்கியது. 35 சதவீதம் 2,100க்கும் மீதி 3,500க்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் நிஜமாக விழுவது டாலருக்கு 3,010. சந்தையில் உளுந்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது இந்த 3,010ஐ வைத்துத்தான். 3,500ஐ நம்பி வாங்கினால் கடையை மூட வேண்டியதுதான். விதி மாறிய அன்றே பங்கை மாற்ற ஒரு கட்டம் வேண்டும் என்று நான் கேட்டபோது, ‘உலகத்தில் எங்கும் இப்படிக் கிடையாதே சார்’ என்றார் மென்பொருள்காரர்.

அரசின் நிதியாண்டும் அப்படித்தான். ஏப்ரலில் தொடங்கியது, 2018இல் அக்டோபருக்குப் போனது, 2022இல் மறுபடி ஏப்ரலுக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆறு மாதத்துக்கு ஒரு குட்டி ஆண்டு. பன்னிரண்டு மாதம் இல்லாத ஆண்டை எங்கள் மென்பொருள் ஏற்றுக்கொள்ளவே இல்லை.

பெயர்த் தொல்லை வேறு. 2019 அக்டோபர் 1 அன்று நாடு பர்மிய மொழிக்கான ஸாவ்ஜி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. யூனிகோடுக்கு முன்பு தமிழில் புழங்கிய நம் பாமினி எழுத்துருக் கதைதான், ஆனால் அதைவிட மோசம். அததற்கான எழுத்துரு இருந்தால் திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், உள்ளே குறியீட்டு வரிசை வேறு. ஒரே வியாபாரி இரண்டு பேராகிவிட்டார். ஒரு கணக்கில் அட்வான்ஸ் வாங்கிய கடனாளி, இன்னொன்றில் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறவர். பெயரை வைத்துத் தேடாமல் ஆளுக்கு ஒரு எண் கொடுத்துச் சரிசெய்தோம். எந்த ஊரில் இருந்தாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அமைப்பு எல்லாவற்றையும் சொல்லும் என்றும் எழுதிவிடாதீர்கள். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி அளவில் வரம்பு வைத்தபோது, எங்கள் குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று கிலோ சுத்தமாகத் தெரிந்தது. அதை என்ன செய்வது என்று மட்டும் எந்த ரிப்போர்ட்டிலும் வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மென்பொருள் போட வருகிறவர்கள், உளுந்து வாங்க வருகிறவர்கள், எல்லோரும் முதல் நாள் ‘பர்மாவுல இருந்துகிட்டு இவ்வளவு நல்லா தமிழ் பேசறீங்களே!’ என்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இதைத்தான் பேசுகிறோம். அவர்களுக்குப் பர்மா என்றால் சென்னையின் பர்மா பஜாரும் அத்தோ நூடுல்ஸும். சாயங்காலம் ஹோட்டலில் அத்தோ எங்கே கிடைக்கும் என்று என்னையே கேட்பார்கள். குடோன் நோட்டைத் தமிழில் எழுதுகிற மேஸ்திரி அண்ணனிடம் இவர்கள் பேசுவது ஆங்கிலத்தில்! அவர் பாவம், எனக்காகச் சிரித்து வைப்பார்.

‘இதையெல்லாம் எக்செல்லிலேயே செய்யலாமே’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். செய்யலாம். ஒருவர் மட்டும் பார்க்கும் வரை எக்செல்லுக்கு ஈடு கிடையாது, நானே இன்றைக்கும் அந்த 3,010 கணக்கை அதில்தான் போடுகிறேன். இன்னொருவர், ‘சின்னக் கம்பெனிக்கு எதற்கு ஈ.ஆர்.பி.’ என்பார், அதாவது எல்லாப் பிரிவுகளையும் இணைக்கிற பெரிய மென்பொருள். நான் ஈ.ஆர்.பி. வாங்கச் சொல்லவில்லை. எந்த மென்பொருள் என்று கேட்டால் பெயரும் சொல்லமாட்டேன். கேட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அவருக்குப் புரிகிற மொழியில் ஒரு திரையும், கரண்ட் போனால் தாங்குகிற ஒரு பேட்டரியும் வாங்கிக் கொடுங்கள் என்கிறேன். எங்கள் கம்பெனியில் இரண்டாவதுக்கு மட்டும் இன்னும் பணம் ஒதுக்கவில்லை.