தோட்ட ஆபீசுக்கு எழுதும் விளம்பரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சுங்கை சிப்புட்டில் தோட்டச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மருந்தடிக்கும் பம்பு, நாசில் (தெளிப்பு முனை), கையுறை, அறுவடைக் கத்தி விற்கிறேன். ஃபேஸ்புக்கில் 'தரம் உயர்வு, விலை மலிவு' என்று போட்டால் சிறுதோட்டக்காரர்கள் வருகிறார்கள். அதையே செம்பனைத் தோட்ட ஆபீசுகளுக்கு அனுப்பினால் பதிலே இல்லை. எழுத்தில் என்ன கோளாறு?

ச.

அன்புள்ள ச.,

சிறுதோட்டக்காரர் தன் காசில் வாங்குகிறார்; பிடித்தால் எடுத்துப்போவார். தோட்ட ஆபீசில் உங்கள் தாளைப் படிக்கும் கிராணி (எழுத்தர்) தன் காசைப் போடுவதில்லை. ஆனால் "ஏன் இந்தக் கடையில் வாங்கவேண்டும்?" என்று மானேஜர் கேட்டால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'தரம் உயர்வு' என்பதை யாரும் மேலிடத்தில் போய்ச் சொல்லமுடியாது.

நாசிலையே எடுத்துக்கொள்வோம். புல்லுக்கு மருந்துத் தண்ணீர் ஹெக்டருக்கு 450 லிட்டர் தெளிக்கும் இடத்தில் 16 லிட்டர் பம்பை 28 தடவை நிரப்பவேண்டும். 200 லிட்டரில் முடிக்கும் நாசில் என்றால் 12 அல்லது 13 தடவை. தண்ணீர் சுமப்பது பாதிக்குமேல் குறைகிறது. தாளின் முதல் வரியே இதுதான். கடையின் பெயர் கீழே இருந்தால் போதும்.

எண்ணை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த 200 லிட்டர் எப்படி வந்தது என்றும் எழுதுங்கள்: நிமிடத்துக்கு 1.2 லிட்டர் வெளியேற்றம், 1.5 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 40 மீட்டர் நடை. மேடுபள்ளத்தில் 30 மீட்டர்தான் நடக்கமுடிந்தால் அது 267 லிட்டர் ஆகிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஒருநாள் அளந்துபார்ப்பார், அதன்பின் உங்கள் தாளில் உள்ள எதையும் நம்பமாட்டார். இன்னொன்று: ஹெக்டருக்கான மருந்தளவு மாறுவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. ஆகவே ஒரு பம்புக்கு ஊற்றும் மருந்து 2.25 மடங்கு ஆகும். பழைய அளவிலேயே ஊற்றினால் புல் சாகாது. பழி நாசிலின்மேல் விழும். அவ்வளவு குறைந்த தண்ணீரை அந்த மருந்தின் லேபிள் அனுமதிக்கிறதா என்று பார்த்தபிறகே இதை எழுதவேண்டும்.

விலையை 'அழைத்துக் கேளுங்கள்' என்று ஒளிப்பது சுத்த மடத்தனம். கிராணிக்கு மூன்று கொட்டேஷன் சேர்க்கும் வேலை இருக்கும். விலை இல்லாத தாள் அந்தக் கோப்பிலேயே ஏறாது. 1, 20, 50 என்று எடுத்தால் என்ன விலை, அந்த விலை எத்தனை நாள் செல்லும், தோட்டத்து ஸ்டோர்வரை லோரிக் கூலி சேர்த்தா, 30 நாள் கடன் உண்டா என்று எழுதிவிடுங்கள். கூடவே உங்கள் நிறுவனப் பதிவு எண்ணும் வரி எண்ணும். ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வரவுள்ள நிறுவனங்கள் 2024 ஆகஸ்ட் 1 முதலே இ-இன்வாய்ஸுக்கு (மின்னியல் விலைப்பட்டியல்) வந்துவிட்டன. பெரிய தோட்டக் குழுமத்தின் கணக்குப் பிரிவு முதலில் தேடுவது அந்த எண்களைத்தான்.

படம் போடும்போது கவனம். முகக்கவசம், கையுறை, பூட்ஸ் இல்லாமல் ஒருவர் மருந்தடிக்கும் படம் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி அங்கேயே ஒதுக்கிவிடுவார். 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் தோட்டங்களுக்குக் கட்டாயம், தணிக்கைக்கு வருபவர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்கள். கையுறை விற்கும் தாளில் அந்தக் கையுறையின் தரச் சான்றின் நகலை இணையுங்கள், அது பத்து வரி வர்ணனைக்குச் சமம்.

தாள் ஒரு பக்கம், மலாயிலோ ஆங்கிலத்திலோ. தமிழ் மண்டோருக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு தனியாக. கோப்பின் பெயரில் பொருளும் மாதமும் இருக்கட்டும்; 'புரோஷர் ஃபைனல் 2' என்று அனுப்பினால் கிராணியால் பிறகு தேடி எடுக்கமுடியாது.

ஒரு வாரம் கழித்து அழைக்கும்போது "பார்த்தீர்களா?" என்று கேட்காதீர்கள். "உங்கள் தோட்டத்தில் இப்போது ஹெக்டருக்கு எத்தனை பம்பு போகிறது?" என்று கேளுங்கள். சொல்லும் எண்ணை 28-க்குப் பதிலாகப் போட்டு, கணக்கைத் திருத்தி அன்றைக்கே மறுபடி அனுப்புங்கள்.